100 ஜிபி ப்ளூ-ரே டிஸ்க்கும் பிடிஎக்ஸ்எல் டிரைவும்: எதை வாங்கலாம், எதில் ஓடும்?

பிடிஎக்ஸ்எல் (100, 128 ஜிபி ப்ளூ-ரே டிஸ்க்குகளை எழுதுவதற்கான தரம்) டிரைவ் வாங்குவது நல்ல முடிவு. அதில் போடுவதற்கு 100 ஜிபி டிஸ்க்குகளாக வாங்கிக் குவிப்பது பெரும்பாலானவர்களுக்கு நல்ல முடிவு அல்ல. டிரைவையும் டிஸ்க்கையும் ஒரே பெயரில் விற்பதால் இந்த வித்தியாசம் வாங்குபவரின் கண்ணில் படுவதில்லை. டிரைவ் பழைய டிஸ்க்குகள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும்: 1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சிடி, டிவிடி, 25 ஜிபி, 50 ஜிபி ப்ளூ-ரே எல்லாம் அதில் ஓடும். டிஸ்க் அப்படி இல்லை. பிடிஎக்ஸ்எல் ஆதரவு இல்லாத டிரைவில், அது எவ்வளவு விலையுயர்ந்த ப்ளூ-ரே ரைட்டராக இருந்தாலும், 100 ஜிபி டிஸ்க் ஓடாது. ஃபர்ம்வேரை (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) அப்டேட் செய்தாலும் ஓடாது.

பழைய டிரைவில் ஏன் ஓடாது

சிடி, டிவிடி, ப்ளூ-ரே மூன்றுக்கும் உருவம் ஒன்றே: 120 மில்லிமீட்டர் விட்டம், 1.2 மில்லிமீட்டர் தடிமன். வேறுபாடு லேசரிலும், தகவல் பதிந்திருக்கும் ஆழத்திலும் இருக்கிறது. சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். தடங்களுக்கு இடையே உள்ள தூரம் முறையே 1.6, 0.74, 0.32 மைக்ரான். சிடியில் தகவல் அடுக்கு லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது. டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே ஒட்டப்பட்டிருக்கிறது. ப்ளூ-ரேயில் படிக்கும் பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. அதனால்தான் ப்ளூ-ரேக்கு கீறல் தாங்கும் கடினப் பூச்சு கட்டாயமானது. சிடியின் லேபிள் பக்கம் கீறினால் பாட்டே போய்விடுவதற்கும் இந்த ஆழம்தான் காரணம்.

ஆக, ஒரு ப்ளூ-ரே டிரைவ் சிடியையும் படிக்கிறது என்றால், அதற்குள் மூன்று லேசர்களும் அவற்றுக்கேற்ற லென்ஸ் அமைப்பும் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ப்ளூ-ரே தரம் இதைக் கட்டாயமாக்கவில்லை. தயாரிப்பாளர் விருப்பப்பட்டுச் செய்வது. 2006-ல் வந்த சோனியின் முதல் ப்ளூ-ரே பிளேயர்களில் ஒன்றான பிடிபி-எஸ்1 ஆடியோ சிடியை வாசிக்கவில்லை. பிளேஸ்டேஷன் 4-ம், டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-ம் இன்றுவரை ஆடியோ சிடியைத் தொடுவதில்லை. பழைய பாட்டு சிடிகள் வைத்திருப்பவர்கள் "ப்ளூ-ரே என்றால் எல்லாம் ஓடும்" என்ற நம்பிக்கையில் பிளேயர் வாங்கக் கூடாது. பெட்டியில் சிடி முத்திரை இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். கணினி டிரைவ்களில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

லேசர் நிறம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு எச்டி டிவிடி நல்ல உதாரணம். தோஷிபா முன்னின்று நடத்தி 2008 பிப்ரவரியில் கைவிட்ட அந்த வடிவமும் 405 நானோமீட்டர் லேசரைத்தான் பயன்படுத்தியது. ஆனால் தகவல் அடுக்கு டிவிடியைப் போல 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. எனவே சாதாரண ப்ளூ-ரே டிரைவ் அதைப் படிக்காது. எல்ஜியின் ஜிஜிடபிள்யூ-எச்20எல் போன்ற சில கலப்பு டிரைவ்கள் மட்டுமே இரண்டையும் படித்தன. எச்டி டிவிடி படங்கள் கையில் இருப்பவர்கள் அப்படி ஒரு டிரைவ் பழைய சாமான்களில் கிடைத்தால் விட்டுவிட வேண்டாம்.

இனி பிடிஎக்ஸ்எல். 2010-ல் இதன் தரம் வெளியானபோது லேசரை மாற்றவில்லை, லென்ஸை மாற்றவில்லை, தடங்களின் இடைவெளியையும் மாற்றவில்லை. மாறியவை இரண்டு. அடுக்குகள் மூன்றாகவோ நான்காகவோ கூடின. தடத்தில் பதியும் மிகச் சிறிய குறியின் நீளம் 0.149 மைக்ரானிலிருந்து ஏறக்குறைய 0.112 மைக்ரானாகக் குறைந்தது. இதனால் 25 ஜிபி தாங்கிய ஓர் அடுக்கு சுமார் 33 ஜிபி தாங்குகிறது. மூன்று அடுக்குக்கு 100 ஜிபி. நான்கு அடுக்கு டிஸ்க்கில் அடுக்குக்கு 32 ஜிபி வீதம் 128 ஜிபி.

சிக்கல் பிறப்பது இந்த 0.112-ல்தான். லேசர் புள்ளியின் அகலம் ஏறக்குறைய 0.48 மைக்ரான். அதற்குள் பல குறிகள் ஒரே நேரத்தில் விழுகின்றன. பக்கத்துக் குறிகளின் சிக்னல் ஒன்றோடொன்று கலந்து வருகிறது. எது ஒன்று, எது பூஜ்யம் என்பதைப் புள்ளியியல் முறையில் ஊகித்துப் பிரிக்கும் சர்க்யூட் டிரைவின் சிப்பில் இருக்க வேண்டும். பழைய டிரைவின் சிப்பில் அது இல்லை. போதாததற்கு, அடுக்கு கூடக் கூடத் திரும்பி வரும் ஒளியும் குறைகிறது: ஒற்றை அடுக்கு பிடி-ஆர் (ஒருமுறை எழுதும் ப்ளூ-ரே டிஸ்க்) 11 முதல் 24 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும், இரட்டை அடுக்கு 4 முதல் 8 சதவீதம்தான். மூன்று அடுக்கு அதற்கும் கீழே.

100 ஜிபி டிஸ்க்கைப் பழைய டிரைவில் போட்டால் என்ன நடக்கும் என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். மோட்டார் வேகமெடுக்கும், லென்ஸ் ஃபோகஸ் தேடி "டிக், டிக்" என்று மேலும் கீழும் அசையும், சுழற்சி தணியும், மறுபடி வேகமெடுக்கும். இப்படிச் சில சுற்றுகளுக்குப் பிறகு "டிஸ்க்கைச் செருகவும்" என்று கணினி கேட்கும். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம்.

ஒரே 100 ஜிபி, இரண்டு வேறு பொருள்கள்

2016-ல் விற்பனைக்கு வந்த அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே என்னும் 4கே படங்கள் 66 ஜிபி அல்லது 100 ஜிபி டிஸ்க்கில் வருகின்றன. சில படங்கள் 50 ஜிபியிலும் வருகின்றன. அடர்த்தி பிடிஎக்ஸ்எல்லுக்கு ஒப்பானது. ஆனால் அவை ஆலையில் அச்சிட்ட, படிக்க மட்டுமே ஆன டிஸ்க்குகள். பிடிஎக்ஸ்எல் என்பது நாம் எழுதும் டிஸ்க். வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

4கே பிளேயரில் நாம் எழுதிய 100 ஜிபி பிடிஎக்ஸ்எல் டிஸ்க் ஓடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பிளேயரின் கையேட்டில் "பிடி-ஆர் டிஎல்" (இரட்டை அடுக்கு) என்று இருந்தால் அது 50 ஜிபி வரைக்கும்தான். மூன்று அடுக்கு பற்றித் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும், பெரும்பாலும் சொல்லியிருக்காது. குடும்ப வீடியோவை டிவியில் போட்டுப் பார்க்க எழுதுகிறீர்கள் என்றால் 25 ஜிபி பிடி-ஆர் போதும். அதுதான் அதிகப் பிளேயர்களில் ஓடும்.

மறுபக்கம், பிடிஎக்ஸ்எல் ரைட்டர் வாங்கிவிட்டால் கணினியில் 4கே படம் ஓடும் என்றும் இல்லை. அந்தப் படங்களுக்கு ஏஏசிஎஸ் 2.0 என்னும் நகல் தடுப்புப் பூட்டு இருக்கிறது. அதிகாரப்பூர்வமாக ஓட்ட வேண்டுமானால் அல்ட்ரா எச்டி ஆதரவு அறிவிக்கப்பட்ட டிரைவ், உரிமம் பெற்ற பிளேயர் மென்பொருள், எச்டிசிபி 2.2 உள்ள மானிட்டர், எஸ்ஜிஎக்ஸ் என்னும் பாதுகாப்பு வசதியுள்ள இன்டெல் பிராசசர் எல்லாம் சேர வேண்டும். 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசரிலிருந்து இன்டெல் எஸ்ஜிஎக்ஸை நீக்கிவிட்டது. அதாவது, புதுக் கணினியில் அதிகாரப்பூர்வமாக ஓடாது. 4கே படம்தான் நோக்கம் என்றால் டிவியோடு இணைக்கும் தனி பிளேயரே சரி. எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 இரண்டும் ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 ப்ரோ 4கே கன்சோல் என்று பெயர் வாங்கினாலும் அதன் டிரைவ் இந்த டிஸ்க்கைப் படிக்காது.

டிரைவ் தேர்வு

முகப்பில் வெறும் ப்ளூ-ரே முத்திரை மட்டும் இருந்தால் அது 50 ஜிபியோடு நின்றுவிடும். பிடிஎக்ஸ்எல் முத்திரை தனியாக இருக்க வேண்டும். அதைவிட நம்பகமானது விவரப் பட்டியல்: எழுதும் வகைகளில் "பிடி-ஆர் டிஎல்" என்பதோடு மூன்று அடுக்கையும் நான்கு அடுக்கையும் குறிக்கும் வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் சொன்னால் இரட்டையும் "டிஎல்", மூன்றும் "டிஎல்" என்றே காதில் விழும். கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்கும்போது எண்ணைச் சொல்லி, "100 ஜிபி எழுதுமா, 128 ஜிபி எழுதுமா" என்று கேளுங்கள்.

இடமும் மின்சார வசதியும் இருந்தால் கணினிக்குள் பொருத்தும் 5.25 அங்குல டிரைவே சிறந்தது. கனமான சட்டகம் அதிர்வைக் குறைக்கும். சாட்டா இணைப்பு, தனி மின்சாரம் என்று எழுதும்போது தடங்கல் வர வாய்ப்பு குறைவு. லேப்டாப்காரர்களுக்கு மெல்லிய யுஎஸ்பி டிரைவ்தான் வழி. அது 25 ஜிபிக்கு நன்றாகவே வேலை செய்யும். மூன்று அடுக்கு எழுதும்போதுதான் அதன் பலவீனம் தெரியும்: லேசருக்கு அதிக மின்சாரம் வேண்டும், யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், யுஎஸ்பி 3.0 போர்ட் 900. டிரைவோடு இரட்டை முனை கேபிளோ தனி அடாப்டரோ வந்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். மின்சாரம் இல்லாத யுஎஸ்பி ஹப் வழியாக ஒருபோதும் எழுதாதீர்கள். தகவல் வேகம் இங்கே பிரச்சினை இல்லை. ப்ளூ-ரேயின் 1எக்ஸ் என்பது விநாடிக்கு 4.5 எம்பி, 4எக்ஸுக்கு 18 எம்பிதான் வேண்டும்.

டிஸ்க் தேர்வு: இங்கேதான் காசும் தகவலும் போகும்

25 ஜிபி பிடி-ஆரில் இரண்டு ரகம். உலோகச் சேர்மம் போன்ற கனிமப் பொருளில் பதிவு செய்வது ஒன்று. டிவிடி-ஆர் போலச் சாயத்தில் பதிவு செய்யும் "எல்டிஎச்" ரகம் மற்றொன்று. சாயம் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் மங்கும். எல்டிஎச் வருவதற்கு முன் தயாரான பிளேயர்களும் டிரைவ்களும் ஃபர்ம்வேர் அப்டேட் இல்லாமல் அதைப் படிக்கவும் மாட்டா. பெட்டியின் மூலையில் சிறிய எழுத்தில் எல்டிஎச் என்று போட்டிருப்பார்கள். பெட்டி இல்லையென்றால் டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள்: கனிம ரகத்தின் அடிப்பக்கம் கருஞ்சாம்பல் அல்லது அடர்பழுப்பு, எல்டிஎச் வெளிறிய பொன்னிறம். பாதுகாத்து வைக்க வேண்டிய எதற்கும் எல்டிஎச் வேண்டவே வேண்டாம்.

நீண்ட காலம் தாங்கும் என்று விற்கப்படும், சாயம் இல்லாத எம்-டிஸ்க் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். டிவிடி அளவில் அதன் அருமை உண்மையானது, ஏனென்றால் சாதாரண டிவிடி-ஆர் முழுக்கச் சாயம். ஆனால் அதை எழுதச் சக்தி கூடிய, எம்-டிஸ்க் முத்திரை உள்ள டிரைவ் வேண்டும். ப்ளூ-ரே அளவில் நல்ல கனிம பிடி-ஆரே ஏற்கெனவே அந்த வழியில் பாதி தூரம் வந்துவிட்டது. எனவே கூடுதல் விலைக்கு ஈடான வித்தியாசம் டிவிடியில் தெரிந்த அளவுக்குத் தெரியாது. 100 ஜிபி எம்-டிஸ்க்குக்கும் பிடிஎக்ஸ்எல் டிரைவ் வேண்டும். பெயர் மாறியதால் விதி மாறவில்லை.

திரும்பத் திரும்ப எழுதும் பிடி-ஆர்ஈ 100 ஜிபியிலும் உண்டு. 128 ஜிபியில் இல்லை, அது ஒருமுறை எழுதுவது மட்டும்தான். பானாசோனிக் 2023 பிப்ரவரியிலும் சோனி 2025 பிப்ரவரியிலும் எழுதும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திக்கொண்டன. நான்கு அடுக்கு டிஸ்க் முன்பே அரிது, இப்போது இன்னும் அரிது. 128 ஜிபியை நம்பி ஒரு சேமிப்புத் திட்டம் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எங்கள் கணக்கு எளிது. ஒரே கோப்பு 50 ஜிபியைத் தாண்டுகிறதா? பிரிக்க முடியாத ஒரு தொகுப்பு ஒரே டிஸ்க்கில் இருந்தாக வேண்டுமா? அப்போது 100 ஜிபி வாங்குங்கள். ஒரே கோப்பு 25 ஜிபியை மட்டும் தாண்டினால் 50 ஜிபி. மற்ற எல்லாவற்றுக்கும் 25 ஜிபி. நான்கு 25 ஜிபி டிஸ்க்கில் ஒன்று கெட்டால் கால் பங்கு போகும், எந்தச் சாதாரண ப்ளூ-ரே டிரைவிலும் மீதியைப் படித்துவிடலாம். 100 ஜிபி டிஸ்க் கெட்டால் மொத்தமும் போகும், மீட்பதற்கும் பிடிஎக்ஸ்எல் டிரைவ்தான் வேண்டும்.

எழுதும் முறை

பெட்டியில் உள்ள ஜிபி ஆயிரத்தின் மடங்கு. விண்டோஸ் காட்டுவது 1024-ன் மடங்கு. அதனால் 25 ஜிபி டிஸ்க் விண்டோஸில் 23.3 என்றும், 50 ஜிபி 46.6 என்றும், 100 ஜிபி 93.2 என்றும், 128 ஜிபி 119.2 என்றும் தெரியும். இதில் மோசடி ஒன்றும் இல்லை. கோப்புகளைச் சேர்க்கும்போது இந்த எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள்.

முதலில் எல்லாக் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் திரட்டி, எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை உருவாக்கி அதையும் உள்ளே வையுங்கள். பத்து சதவீதம் இடம் விட்டு பார்2 மீட்புக் கோப்புகளையும் சேர்த்தால், பின்னாளில் சில பகுதிகள் படிக்காமல் போனாலும் சரிசெய்யலாம். இம்க்பர்ன் போன்ற மென்பொருளில் கோப்பு முறையாக யுடிஎஃப் 2.50 தேர்ந்தெடுங்கள். பழைய ஐஎஸ்ஓ 9660 முறையை எடுத்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பில் தகராறு வரும். விஸ்டா முதல் எல்லா விண்டோஸும் 2.50-ஐப் படிக்கும், எக்ஸ்பி 2.01 வரைக்கும்தான் படிக்கும். டிரைவ் டிஸ்க்கைச் சரியாகப் படித்தும் எக்ஸ்பி கணினியில் ஃபோல்டர் திறக்காமல் போவதற்கு இதுவே காரணம்; அங்கே குறை டிஸ்க்கிலும் இல்லை, டிரைவிலும் இல்லை.

வேகம்: டிஸ்க்கில் 4எக்ஸ் என்று போட்டிருந்தால் 4எக்ஸிலேயே எழுதுங்கள். "மெதுவாக எழுதினால் நன்றாகப் பதியும்" என்பது சிடி காலத்து நம்பிக்கை. ஒவ்வொரு டிஸ்க் ரகத்துக்கும் லேசர் சக்தியை எப்படி ஏற்றி இறக்க வேண்டும் என்ற குறிப்பு டிரைவின் ஃபர்ம்வேரில் இருக்கிறது. அது டிஸ்க்கின் அறிவிக்கப்பட்ட வேகத்தை ஒட்டியே தயாரிக்கப்படும். ஆகவே புது டிஸ்க் ரகம் வாங்கும் முன் ஃபர்ம்வேரை அப்டேட் செய்வதுதான் வேகத்தைக் குறைப்பதைவிடப் பயன் தரும். 100 ஜிபி டிஸ்க் முழுவதையும் 4எக்ஸில் எழுத ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 2எக்ஸில் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். சரிபார்ப்புக்கு நேரம் தனி. லேப்டாப் தூங்கப் போகாதபடி அமைப்பை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

சில மென்பொருள்கள் பிடி-ஆரைத் தொடக்கத்திலேயே ஃபார்மேட் செய்து குறைபாட்டு மேலாண்மையை இயக்கிவிடும். அப்போது டிரைவ் ஒவ்வொரு பகுதியையும் எழுதியபின் தானே படித்துப் பார்க்கும். வேகம் பாதியாகும், கொள்ளளவும் கொஞ்சம் குறையும். எழுதி முடித்தபின் நீங்களே முழுமையாகச் சரிபார்க்கப் போகிறீர்கள் என்றால் இதை அணைத்துவிடலாம்.

எழுதி முடிந்ததும், இனி எதுவும் சேர்க்க முடியாதபடி மென்பொருளிலேயே டிஸ்க்கை மூடிவிடுங்கள். திறந்த நிலையில் விட்டால் பழைய பிளேயர்கள் திணறும். வெளியே எடுத்து மறுபடி செருகி, சரிபார்ப்புப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எடுக்காமல் ஒப்பிட்டால் சில கோப்புகள் கணினியின் நினைவகத்திலிருந்தே படிக்கப்பட்டு, டிஸ்க் சரியாக இருப்பதுபோலத் தோன்றும்.

எங்கே நின்றது என்பதே துப்பு

மூன்று அடுக்கு டிஸ்க்கில் முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே எழுதப்படும், இரண்டாவது வெளியிருந்து உள்ளே, மூன்றாவது மறுபடி உள்ளிருந்து வெளியே. எனவே 33 சதவீதத்தில் எழுத்து நின்றால் அது வெளிவிளிம்பில் அடுக்கு மாறும் இடம். அங்கே விரல்ரேகையோ லேசான வளைவோ இருந்தாலும் ஃபோகஸ் தவறும். 66 சதவீதத்தில் நின்றால் மையத்தை ஒட்டிய மாற்றம். டிஸ்க்கின் கடைசி 3 ஜிபியைக் காலியாக விட்டால் விளிம்புப் பிரச்சினை வராது என்று ஒரு யோசனை உலவுகிறது. அது ஒற்றை அடுக்குக்குச் சரி. மூன்று அடுக்கில் முதல் இரண்டு அடுக்குகளும் விளிம்பைத் தொட்டே தீரும். டிஸ்க்கை ஓரத்தில் மட்டும் பிடித்து, தூசியை மையத்திலிருந்து வெளிநோக்கி நேர்கோட்டில் மென்துணியால் துடைப்பதே உருப்படியான தடுப்பு.

எந்தச் சதவீதத்தில் வேண்டுமானாலும் நின்று, யுஎஸ்பி துண்டிப்பு ஒலியும் கேட்டால் மின்சாரக் குறைவு. கேபிளை மாற்றுங்கள், டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். டிவிடி, சிடி ஓடுகின்றன, ப்ளூ-ரே மட்டும் "காலி டிஸ்க்" என்கிறது என்றால் 405 நானோமீட்டர் லேசரோ அதன் லென்ஸோ சோர்ந்துவிட்டது. தனித்தனி லேசர் என்பதால் ஒன்று போனபின் மற்றவை ஆண்டுக்கணக்கில் ஓடும். அப்படிப்பட்ட டிரைவைத் தூக்கிப் போடாமல் சிடி, டிவிடி படிக்க வைத்துக்கொள்ளலாம்.

எழுதிய டிரைவில் படிக்கிறது, வேறு டிரைவில் படிக்கவில்லை என்றால் எழுத்தே விளிம்புநிலையில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். தன் எழுத்தை அந்த டிரைவ் இன்று படிக்கும். வயதானபின் அதுவும் திணறும். உடனே, அதன் வழியாகவே தகவலை வெளியே எடுத்து வேறு ரக டிஸ்க்கில் திரும்ப எழுதுங்கள். இந்தச் சோதனைக்காகவே இரண்டாவது பிடிஎக்ஸ்எல் டிரைவ் ஒன்று, முடிந்தால் வேறு தயாரிப்பாளருடையதாக, கையில் இருப்பது நல்லது. 100 ஜிபி டிஸ்க் பத்துக்கு மேல் வாங்கத் திட்டமிடுபவர்கள் அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடட்டும்.